மடை திறக்க ஆள் இருக்குமா? குமரிக் குளங்களின் 2050

2022இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரண்டு நீர்நிலைகள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஒன்று 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம்–தேரூர். இன்னொன்று 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான வேம்பனூர். இரண்டுமே தானாக உண்டான ஏரிகள் அல்ல, நெல்லுக்குத் தண்ணீர் தேக்க மனிதர்கள் வெட்டிய குளங்கள். சுசீந்திரம்–தேரூர் பகுதியின் பசுங்குளம், பெருங்குளம் போன்ற பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே வருகின்றன என்று ராம்சார் குறிப்பு சொல்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வலசை வரும் பறவைகளின் பாதையில், இந்தியத் தீபகற்பத்தின் தென்கோடி இது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே வருகின்றன, அவற்றில் 53 வலசைப் பறவைகள்.

ஆக, கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் போகங்களுக்கும் தேக்கிய தண்ணீரில்தான் நாரையும் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் வந்து இறங்குகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம். 2050இல் தேரூர் குளம் எப்படி இருக்கும்? மழையையும் வெப்பத்தையும் மட்டும் கணினியில் போட்டால் இதற்கு விடை வராது. அந்தக் குளத்தோடு அப்போது மனிதர்களுக்கு என்ன உறவு இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். உலக அளவில் எதிர்காலக் காட்சிகளை வரையும் அறிவியலாளர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. குமரி மாவட்டத்தில் நின்று பார்த்தால் இது உடனே புரியும்.

முதலில், ஏன் நன்னீரைப் பற்றி இவ்வளவு கவலை? ஆறு, குளம், ஏரி எல்லாம் சேர்ந்தாலும் பூமியின் மேற்பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் உலகின் மீன் வகைகளில் ஏறக்குறையப் பாதி அந்தச் சிறிய பரப்பில்தான் வாழ்கின்றன. உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கைப்படி, கண்காணிப்பில் உள்ள நன்னீர் முதுகெலும்பு உயிரினக் கூட்டங்களின் எண்ணிக்கை 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 85 சதவீதம் சரிந்திருக்கிறது. (நூறு உயிர்களில் 85 செத்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு சுருங்கியது என்பதன் சராசரி இது.) கடலிலும் தரையிலும் நடந்த சரிவைவிட இது பெரிது. 2025 தொடக்கத்தில் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு, நன்னீரில் வாழும் மீன்கள், நண்டு–இறால் வகைகள், தட்டான்கள் ஆகியவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அற்றுப்போகும் ஆபத்தில் இருக்கிறது என்றது.

சரி, எதிர்காலக் காட்சி என்றால் என்ன? அது ஆரூடம் அல்ல. வானிலை அறிக்கை ‘நாளை மழை’ என்று சொல்லும். எதிர்காலக் காட்சி ‘இப்படி நடந்தால் என்னவாகும், அப்படி நடந்தால் என்னவாகும்’ என்று சில கதைகளை அடுத்தடுத்து வைக்கும். பிறகு ஒவ்வொரு கதையையும் கணினி மாதிரிகளில் இட்டு, தண்ணீர் எவ்வளவு, மீன் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். இதிலேயே இரண்டு போக்கு உண்டு. இன்றிலிருந்து முன்னோக்கிப் போய் எங்கே சேர்கிறோம் என்று பார்ப்பது ஒன்று. நாம் விரும்பும் வருங்காலத்தை முதலில் வரைந்துவிட்டு, அங்கே சேர எந்த ஆண்டில் என்ன செய்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி வருவது மற்றொன்று. நம்மூர்க் குளங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2005இல் வெளிவந்த ஆயிரத்தாண்டுச் சூழல் மதிப்பீடு நான்கு உலகக் கதைகளை வரைந்தது. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு (ஐபிசிசி) பயன்படுத்தும் கதைகள் வேறு இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மனிதர்கள் முடிவெடுப்பார்கள், பொருளாதாரம் வளரும், மக்கள்தொகை கூடும், கடைசியில் இயற்கைக்கு எவ்வளவு சேதம் என்று ஓர் எண் வரும். இயற்கை அடிவாங்கும் ஒன்றாக மட்டுமே அதில் இருக்கும். ஒரு ஊர் தன் குளத்தை என்னவாக நினைக்கிறது என்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஐபிபெஸ் எனப்படும் பல்லுயிர் வளத்துக்கான அரசுகளுக்கிடையேயான மன்றம் இந்தக் குறையை 2016இல் தன் மதிப்பீட்டில் எடுத்துச் சொன்னது. 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பட்டறையில் புதிய சட்டகத்துக்கான வேலை தொடங்கி, 2022இல் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய உறுப்பு நாடுகள் அதன் அடிப்படைகளை வரவேற்றன.

அந்தச் சட்டகம் ஒரு முக்கோணம். ஒரு மூலையில், இயற்கை அதற்காகவே இருக்கட்டும், பறவைக்கும் மீனுக்கும் வாழும் உரிமை உண்டு என்ற பார்வை. இரண்டாவது மூலையில், இயற்கை மனிதருக்குத் தரும் நன்மைகள்: பாசனம், குடிநீர், வெள்ளத் தடுப்பு. மூன்றாவதில், இயற்கை நம் பண்பாட்டின், நம் அடையாளத்தின் பகுதி என்ற பார்வை. எந்த மூலை சரி என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. ஒரு கொள்கையோ ஒரு கதையோ இந்த முக்கோணத்தில் எங்கே விழுகிறது, எந்த மூலையைக் கைவிடுகிறது என்று பார்க்க வைக்கிறது.

இனி குமரிக்கு வருவோம். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கும் மேல். இவ்வளவு நெருக்கத்துக்கு நடுவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, 1950களில் வந்த பெருஞ்சாணி அணை, இரண்டு சிற்றாறு அணைகள் எல்லாம் சேர்ந்த கோதையாறு பாசன அமைப்பு இந்தக் குளங்களில் பலவற்றுக்கு நீர் ஊட்டுகிறது. தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, பட்டணங்கால் என்று பிரிந்து போகும் தண்ணீர் வயலுக்கும் குளத்துக்கும் பாயும். ஒரு குளம் நிரம்பி வழியும் நீர், அதாவது மறுகால், அடுத்த குளத்துக்குப் போகும். வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி அணையைத் திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிற இடம் என்பதால் இரண்டு பூ நெல் விளைகிற நாடாக இது இருந்தது.

மழை இனி எப்படி இருக்கும்? இங்கேதான் மாதிரிகளின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். உலகப் பருவநிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். குமரி மாவட்டத்தை ஒரு சதுரமாக நினைத்தால் அதன் பக்கம் 41 கிலோமீட்டர்தான். ஆக, பேச்சிப்பாறைக் காடும், குலசேகரம் ரப்பர் தோட்டமும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்றும், முட்டம் கடலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலைக்கும் கடலுக்கும் இடையே சில பத்து கிலோமீட்டர்தான் என்கிற ஊரில், மழையைத் தீர்மானிப்பதே அந்த மலைதான். அது சராசரியில் கரைந்து போனால் விளவங்கோட்டு மழையும் அகஸ்தீஸ்வரத்து மழையும் ஒன்று என்றாகிவிடும். வட்டார மாதிரிகள் கட்டத்தை இன்னும் சிறிதாக்குகின்றன. அவையும் ஒரு குளத்தின் அளவுக்கு இறங்கி வருவதில்லை.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாதபோது நெடுநாள் ஏமாற்றும். 2017இல் ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம் என்று பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கடந்தகாலச் சராசரியை வைத்து மறுகாலுக்கு அகலம் குறிக்கும் எந்தக் கணக்கிலும் அப்படியொரு நாள் இல்லை.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். குமரியில் நெல் வயல் சுருங்கிவிட்டது. வாழை, தென்னை, ரப்பர், அப்புறம் வீட்டுமனை. இதைப் பொருளாதாரச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். குளத்தின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. நெல் இருந்தவரை, ஒரு குளத்தின் புரவில், அதாவது அதன் நீர் பாயும் வயல்பரப்பில், நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் குளத்தில் அக்கறை இருந்தே தீர வேண்டும். மடை எப்போது திறக்கிறது, கரையில் எங்கே கசிகிறது, சானலில் யார் குப்பை போட்டார்கள் என்று கேட்க ஆள் இருந்தது. வயல் மனையான பிறகு அந்தக் கேள்வி கேட்பவர்கள் குறைகிறார்கள். வீட்டில் குழாயும் ஆழ்துளைக் கிணறும் வந்த பிறகு குளிக்கப் போகிறவர்களும் குறைகிறார்கள். கரையில் முள் ஏறுகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குப்பை விழுகிறது, சாக்கடை திறந்துவிடப்படுகிறது. தண்ணீர் கெட்டதும், மிச்சம் இருந்த நாலு பேரும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காரணமாகிறது.

இதே மாதிரியான சுழல் தண்ணீருக்குள்ளும் நடக்கிறது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆழமில்லாத நீர்நிலைகளைப் பற்றி நெதர்லாந்துச் சூழலியலாளர் மார்ட்டன் ஷெஃபரும் அவருடைய சகாக்களும் 1990களில் ஒரு கோட்பாட்டை வளர்த்தார்கள். தெளிந்த குளத்தில் ஒளி அடிவரைக்கும் போகும். அடியில் வேர்விட்ட செடிகள் வளரும். அவை சேற்றைப் பிடித்து வைக்கும், பாசிக்குப் போகவேண்டிய சத்தை உறிஞ்சும், பாசியைத் தின்னும் நுண்ணிய உயிர்களுக்கு மறைவிடமாகும். அதனால் தண்ணீர் மேலும் தெளியும். கழிவும் உரமும் சேரச்சேர ஒரு கட்டம் வரை குளம் தாங்கிக்கொள்ளும். அந்த வரம்பைத் தாண்டியதும் சட்டென்று கவிழும். பாசி ஒளியை மறைக்கும், அடிச்செடி சாகும், சேறு கிளம்பும், கலங்கல் நிலைத்துவிடும். வெப்பநாடுகளில் பெரும்பாலும் ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகள் முழுவதையும் மூடிவிடுவது இன்னொரு நிலைத்த நிலை. அதையும் அவர்கள் 2003இல் விளக்கினார்கள்.

இதில் முக்கியமானது திரும்பி வரும் பாதை. கவிழ்வதற்கு முன்பிருந்த அளவுக்குச் சத்தைக் குறைத்தால் மட்டும் குளம் தெளியாது. அதைவிட வெகுவாகக் குறைத்தாக வேண்டும். சேற்றில் படிந்திருக்கும் பாஸ்பரஸ் வருடக்கணக்கில் மேலே வந்துகொண்டே இருக்கும். ஆகாயத்தாமரையை எந்திரம் வைத்து அள்ளிய குளம் அடுத்த மழைக்குள் மறுபடியும் பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள். செடியை எடுத்தோம், செடியை வளர்த்த சாக்கடையை எடுக்கவில்லை.

நீருக்குள் இருக்கும் சுழலையும் ஊருக்குள் இருக்கும் சுழலையும் சேர்த்துக் கட்டாத எந்த மாதிரியும் குமரிக்குப் பயன்படாது என்பது என் கருத்து. மக்கள் உறவும் ஒருமுறை கவிழ்ந்தால் எளிதில் திரும்புவதில்லை. நீச்சல் பழகாமல் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, குளம் சுத்தமாக இருந்தாலும் அது ஆபத்தான இடம்தான். பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டார்கள்.

முக்கோணத்தின் மூலைகள் ஒரே குளத்தில் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதற்குத் தாமரையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. குமரிக் குளங்களில் தாமரை வளர்த்து தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து கேரளக் கோயில்கள் வரை போகிறது. குத்தகைக்கு எடுத்தவருக்கு அது பிழைப்பு, கோயிலுக்கு அது பூசை. ஆகவே நன்மை, பண்பாடு என இரண்டு மூலைகளும் நிறைந்துவிட்டன என்று தோன்றும். ஆனால் இலை குளம் முழுவதையும் மூடினால் அடிக்கு ஒளி போகாது. நீந்தி மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் திறந்த நீர் வேண்டும். இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கோ அதே தாமரைதான் வீடு. படித்துறையை ஒட்டி இலை அடைத்தால் குளிப்பவர்களுக்கும் சண்டை. அதே குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தவர் கட்லாவும் ரோகுவும் விடுகிறார். அவருக்குத் தீவனம் போட வேண்டும், அது மறுபடியும் சத்தாகித் தண்ணீரில் சேர்கிறது. இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. குளத்தில் எத்தனை பங்கு தாமரை, எத்தனை பங்கு திறந்த நீர், எந்த மாதம் எவ்வளவு நீர்மட்டம் என்பதுதான் கேள்வி. இது மாதிரிகள் உண்மையிலேயே நன்றாக விடை சொல்லக்கூடிய கேள்வியும்கூட. கால்வாசி திறந்திருந்தால் என்ன, பாதி திறந்திருந்தால் என்ன என்று ஓட்டிப் பார்த்து, குத்தகை ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடலாம்.

பண்பாட்டு மூலையை எண்ணாக்க முடியாது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தைப் பாருங்கள். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ நீராடிவிட்டு வழிபடுவது முறை. அதாவது நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் குளிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் குமரியின் தாமிரபரணிக் கரையில் (நெல்லைத் தாமிரபரணி வேறு) முன்னோருக்குப் பலியிடக் கூடும் வாவுபலிக் கூட்டமும் அப்படித்தான். இறங்கிக் குளிக்கலாமா, படி இருக்கிறதா, வழி அடைபடாமல் இருக்கிறதா, எத்தனை வீட்டார் வாரத்தில் ஒருமுறையாவது வருகிறார்கள், பத்து வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? இவை எல்லாம் எண்ணக்கூடியவை. நீரின் தரத்தை அளக்கும் அதே நாளில் இவற்றையும் குறித்துக்கொள்ளலாம்.

இவற்றை வைத்து 2050க்குச் சில கதைகளை யோசித்துப் பார்க்கிறேன். இவை கணினி தந்த முடிவுகள் அல்ல, மாதிரிக்குள் இடுவதற்கான தொடக்கக் கதைகள்.

முதல் கதையில் பறவைக்காகவே குளம். வேலி போட்டுக் காவல் வைக்கிறார்கள், குத்தகை நிற்கிறது. காட்டுக்குள் இது சரிவரும். வெட்டிய குளத்துக்குச் சரிவராது. கரையைக் காப்பதும் மடையைப் பழுது பார்ப்பதும் யார் என்ற கேள்வியிலேயே நின்றுவிடும். இரண்டாவது கதையில் குளம் ஒரு தொட்டி. நாகர்கோவிலுக்குக் குடிநீர், வெள்ளத்துக்கு வடிகால், கரையில் நடைபாதையும் கைப்பிடிச் சுவரும். பணம் கிடைக்கும் என்பதால் இதுவே நடக்கக்கூடும். ஆனால் கரையைக் கான்கிரீட்டாக்கினால் நாணலும் ஆழமில்லாத ஓரமும் போய்விடும். நீண்ட காலில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அந்த ஓரம்தான் சோறு.

மூன்றாவது கதையில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். அதில் நெல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, அது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ராம்சார் குளங்களைச் சுற்றியிருக்கும் வயல்வெளிகளான ஏலாக்களில் மட்டுமாவது நெல் நிலைக்கிறது. பறவைக்கு இரையும் நிலத்தடிக்கு நீரும் தருகிற வயல் என்பதற்காக அந்த விவசாயிக்கு ஏக்கருக்கு ஒரு தொகை கிடைக்கிறது. குளத்தின் பொறுப்பு புரவில் நிலம் உள்ளவர்களோடு மட்டும் நிற்காமல், குளத்து நீரால் கிணறு ஊறும் மனை வீட்டுக்காரர்களுக்கும் வருகிறது. இந்தக் கதையில் பின்னோக்கி வந்தால் வேலை தெளிவாகத் தெரிகிறது. 2050இல் தெளிந்த குளம் வேண்டுமென்றால் சாக்கடையைத் தடுக்கும் வேலை 2030களுக்குள் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சேற்றில் படிந்த சத்து அடங்கவே ஆண்டுகள் ஆகும். நீச்சல் தெரிந்த தலைமுறை வேண்டுமென்றால் அதற்கும் முன்பே படித்துறை திறந்திருக்க வேண்டும். நான் பின்னோக்கிய முறையை விரும்புவது இதனால்தான். தாமதத்தின் விலை அதில் ஆண்டாகவே தெரிகிறது.

நான்குவழிச் சாலை குளங்களின் குறுக்கே வந்தபோது எழுந்த எதிர்ப்பை மாவட்டம் மறந்திருக்காது. குளத்தோடு உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. எதிர்ப்புக்குக் கூடியவர்களைப் பராமரிப்புக்கும் கூட்ட முடியுமா என்பது இந்த மூன்றாவது கதையின் பெரிய ஐயம்.

கடைசியாக, குளத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுப்போகும் ஓர் இடம் உண்டு. ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்கிறோம். பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்கிறது, தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில். அந்த நன்னீர் இறங்கினால்தான் உப்பு மேலே ஏறாது. கழிமுகத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் மீன் குஞ்சுகளும் இறாலும் வளர்கின்றன, மணக்குடியின் அலையாத்தி மரங்களும் நிற்கின்றன. மேலே ஒவ்வொரு துளியையும் தேக்கினால் கணக்கில் சேமிப்பு காட்டும், கழிமுகத்தின் மீனவருக்கு அது இழப்பு. ஆகவே காட்சிகளை வரையக் கூடும் அறையில் பேச்சிப்பாறை மலையின் பழங்குடிகளான காணிக்காரரும், கால்வாயின் கடைவரம்பு விவசாயியும், தாமரைக் குத்தகைதாரரும், படித்துறையில் துணி துவைக்கும் பெண்ணும், மணக்குடி மீனவரும் இருக்க வேண்டும். பேச்சிப்பாறையில் எத்தனை அடி, பெருஞ்சாணியில் எத்தனை அடி என்று தினமும் செய்தித்தாளில் வருகிறது. அவர்கள் முன்னால் வைக்க, ஒரு குளத்துக்காவது அதே போன்ற நாள்வாரிக் குறிப்பு ஒன்றை இப்போதே தொடங்கலாம்: நீர்மட்டம், தெளிவு, பறவை, மடை எப்போது திறந்தது, யார் திறந்தார்கள், அன்றைக்கு எத்தனை பேர் குளித்தார்கள்.